வசனம் தெரியும், புத்தகம் தெரியுமா? வேதத்தை வீட்டில் தொடர்ந்து வாசிக்க முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் வேதவசனத்துக்குப் பஞ்சமே இல்லை. நிலைப்படிக்கு மேலே வசனம், நாட்காட்டியில் வசனம், ஆட்டோவின் முதுகில் வசனம், கல்லறைக் கல்லில் வசனம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்தால் புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று. நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர், இடையன்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும், வயதான ஆச்சி ஒருவர் 23, 91, 121 ஆகிய சங்கீதங்களைப் புத்தகம் திறக்காமல் கடகடவென்று சொல்லிவிடுவார். ஓய்வுநாள் பள்ளியும் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் நமக்குக் கொடுத்த சொத்து அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் கலாத்தியர் நிருபத்தில், அதாவது கடிதத்தில், பவுல் யாரோடு, எதற்காக அவ்வளவு கோபப்படுகிறார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஆபகூக் தீர்க்கதரிசி எதைப் பற்றி முறையிடுகிறார்? யோனாவின் கடைசி அதிகாரத்தில் என்ன நடக்கிறது? மீன் வயிறு வரைக்கும்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. வசனங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, அவை எந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதுதான் தெரியாமல் போயிற்று. ஒரு புத்தகத்தை எடுத்தால் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடிக்கும் பழக்கத்தை உண்டாக்கத்தான் இந்த வழிகாட்டி.

இது புதிதாக எங்கிருந்தோ வந்த யோசனை இல்லை. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு, சபை உண்டான ஊர்களில் பள்ளிக்கூடமும் உண்டாயிற்று. அதற்கு ஒரு முக்கியக் காரணம், விசுவாசிகள் வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது. அப்படிக் கிடைத்த எழுத்தறிவைக் கொண்டு நாம் நாட்காட்டி வசனத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்துபோவது வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில், எந்த வேதபுத்தகம்?

கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்து, ஜிப் உறைக்குள் அலமாரியில் இருக்கும் புத்தகம் இதற்கு வேண்டாம். பென்சிலால் கோடு போட மனம் கூசாத, எழுத்து பெரிதாக இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எழுத்தின் அளவில் சமாதானம் செய்துகொள்ளவே கூடாது. கண் வலித்தால் வாசிப்பு நின்றுவிடும். நின்றதற்குப் பக்திக் குறைவுதான் காரணம் என்று நீங்களே உங்களைக் குற்றம்சாட்டிக்கொள்வீர்கள்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, கோயிலில் கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்த பழைய மொழிபெயர்ப்பையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் முழு வேதாகமமாக வந்தது அது. மனப்பாடத்துக்கு அதைப் போல் வராது. ஆனால் தீர்க்கதரிசிகளும் பவுலின் நிருபங்களும் அந்த நடையில் பலருக்குப் புரியாமல் போகின்றன. அப்போது 1995-இல் வந்த திருவிவிலியத்தையோ எளிய தமிழில் உள்ள வேறொன்றையோ பக்கத்தில் வைத்து அதே பகுதியை வாசியுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் திருவிவிலியமே முதல் புத்தகமாக இருக்கும். அதில் 73 நூல்கள், மற்ற சபைகளின் பதிப்பில் 66. இங்கே சொல்லும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

கைப்பேசியில் வாசிக்கலாமா என்றால், பஸ்ஸில் போகும்போது தாராளமாக வாசிக்கலாம். வீட்டில் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் அந்த அதிகாரம் அங்கேயே முடிந்துவிடும்.

நேரம்: விடியற்காலைதான் என்று கட்டாயம் இல்லை

இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது. அதை வைத்து நான்கு மணிக்கு எழும்பாதவர்களைக் குற்றவாளிகளாக்கும் பிரசங்கங்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஈசாக்கு தியானம் பண்ண வயலுக்குப் போனது சாயங்கால வேளையில் (ஆதியாகமம் 24:63). முதலாம் சங்கீதத்தின் மனிதன் இரவும் பகலும் தியானிக்கிறான். பனையேறுகிறவர் விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். இரவுப் பணி முடித்து வரும் நர்ஸுக்கு விடியற்காலை என்பது தூங்கப்போகும் நேரம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்ணுக்குப் பகலில் கை ஓயாது.

அதனால் மணியைப் பார்த்து நேரம் குறிக்காமல், ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள். காலை டீயைக் குடித்து முடித்ததும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், கடையைத் திறந்து முதல் வியாபாரத்துக்குக் காத்திருக்கும்போது, சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் என்று ஏதாவது ஒன்று. பதினைந்து நிமிடம் போதும். உட்காரும் இடமும் மாறாமல் இருந்தால் நல்லது. வேதம், நோட்டு, பென்சில் மூன்றும் அங்கேயே இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் நாளடைவில் எடுக்கவே மாட்டோம்.

கண்பார்வை குறைந்தவர்களுக்கும் கைவேலையில் இருப்பவர்களுக்கும் ஒலி வேதாகமம் இருக்கிறது. கேட்பதை வாசிப்பைவிடத் தாழ்வாக எண்ண வேண்டாம். பவுலின் நிருபங்கள் சபைகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காகவே எழுதப்பட்டவை. ஒன்று மட்டும்: கேட்கும்போதும் ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எங்கே தொடங்குவது

ஜனவரி முதல் தேதி ஆதியாகமம் முதலாம் அதிகாரம் என்பது நம் எல்லோருக்கும் பழக்கமான தொடக்கம். மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும், கணக்கு சரிதான். அந்த வேகத்தில் ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரங்கள் ஜனவரி முடிவதற்குள் ஓடிவிடும். அப்புறம் லேவியராகமம். பழக்கம் இன்னும் வேர்பிடிக்காத ஒருவர் பலிகளின் பிரமாணங்களுக்குள்ளும் குஷ்டரோகச் சட்டங்களுக்குள்ளும் போகிறார், பிப்ரவரியில் நின்றுபோகிறார். நிற்கிறவரிடம் குறை ஒன்றும் இல்லை, தொடங்கிய இடம்தான் அவருக்கு ஏற்றதாக இல்லை.

வருட வாசிப்பைப் பிறகு ஒரு தடவை செய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம், நாளைக்கு ஒன்று. அதன்பின் ரூத் 4, யோனா 4, பிலிப்பியர் 4, யாக்கோபு 5. இவ்வளவும் சேர்ந்து 33 நாள். ஒரு மாதம் சொச்சத்தில் ஐந்து புத்தகங்களை முழுதாக முடித்திருப்பீர்கள்.

மாற்குவை ஏன் முதலில் சொல்கிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். 8, 9, 10 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். இயேசு தாம் கொல்லப்படப் போவதை மூன்று தடவை சீஷரிடம் சொல்கிறார். முதல் தடவை சொன்னதும் பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான். இரண்டாவது தடவை சொன்னபின், தங்களில் எவன் பெரியவன் என்று சீஷர்கள் வழியில் வாக்குவாதம் பண்ணுகிறார்கள். மூன்றாவது தடவை சொன்ன கையோடு யாக்கோபும் யோவானும் வந்து வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்கிறார்கள். இந்த மூன்றுக்கும் முன்னால் பெத்சாயிதாவில் ஒரு குருடன் பார்வையடைகிறான், பின்னால் எரிகோவில் பர்திமேயு பார்வையடைகிறான். கண் தெரியாதவர்களுக்குத் தெரிகிறது, கூடவே நடந்தவர்களுக்குத் தெரியவில்லை. நாட்காட்டியிலிருந்து தினம் ஒரு வசனமாகக் கிழித்தால் இந்த அமைப்பை ஆயுள் முழுக்கப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

எப்படி வாசிப்பது: ரூத்தை எடுத்துக்கொண்டு

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் நாள், நான்கு அதிகாரங்களையும் ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கும் நிற்க வேண்டாம், கோடு போட வேண்டாம். கதை மனதில் உட்காரட்டும். வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாவிப்போகாது, யார் பேசுகிறார் என்பதும் தானாகத் தெளிவாகும்.

அடுத்த நான்கு நாளும் நாளைக்கு ஒரு அதிகாரம். வாசித்தபின் கேட்க வேண்டியவை: யார் யாரிடம் பேசுகிறார்கள்? இதற்கு முன் என்ன நடந்தது? எது திரும்பத் திரும்ப வருகிறது? எது என்னைத் திடுக்கிட வைக்கிறது?

முதல் அதிகாரத்தில், “உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்” என்று வருகிறது. கல்யாணங்களில் மணமக்களுக்குச் சொல்லப்படுகிற வார்த்தை இது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். புருஷனை இழந்த மருமகள், புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்த மாமியாரிடம், மோவாபிலிருந்து பெத்லகேமுக்குப் போகும் வழியில் நின்று சொல்கிறாள். கையில் காசு இல்லை, ஆண்துணை இல்லை, போகிற ஊர் அவளுக்கு அந்நிய ஊர். இது தெரிந்தபின் அந்த வசனத்தின் எடையே வேறு.

இரண்டாம் அதிகாரத்தில் வாற்கோதுமை அறுவடை. ரூத் அறுக்கிறவர்கள் பின்னால் போய்க் கதிர் பொறுக்குகிறாள். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என்று இரண்டு போகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்க வருகிறவர்கள் யார், அவர்களை வயல்காரர் எப்படிப் பார்ப்பார் என்பது நமக்குத் தெரியும். இப்போது லேவியராகமம் 19:9-10 எடுத்துப் பாருங்கள். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று கட்டளை இருக்கிறது. ஆக, ரூத் பொறுக்குவது அவளுக்குச் சட்டப்படி உள்ள பங்கு. போவாஸ் அதற்கும் மேலே போய், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்திவிடுங்கள் என்று வேலையாட்களுக்குச் சொல்கிறான் (2:16). அவள் கைநீட்டிக் கேட்க வேண்டிய நிலை வராதபடி பார்த்துக்கொள்கிறான்.

திரும்பத் திரும்ப வருவது எது? அவள் மோவாபியப் பெண் என்பது. ஊருக்கு வந்துசேர்ந்தபோதும், வயலில் வேலைக்காரன் பதில் சொல்லும்போதும், ஊர்வாசலில் வழக்குப் பேசும்போதும் அதைச் சொல்லியே தீருகிறார்கள். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23:3 சொல்வதை இதோடு சேர்த்து வாசியுங்கள். அந்தப் பெண்ணைத்தான் கடைசி அதிகாரம் தாவீதின் வம்சவரலாற்றில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றிலும் அவள் பெயர் இருக்கிறது. நம் ஊர்களில் தெருக்கள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே வேதம், ஒரே கோயில் என்றான பிறகும் கல்யாணப் பேச்சில் முதலில் எதை விசாரிக்கிறோம் என்பதும் தெரியும். ரூத்தை முழுதாக வாசித்த ஒருவர் அந்த இடத்தைச் சுலபமாகக் கடந்துபோக முடியாது, கடந்துபோகவும் கூடாது.

இதே கேள்விகளை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்துக்குள்ளும் போகலாம். நிருபங்களில் மட்டும் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள்: இந்தக் கடிதம் எந்தப் பிரச்சினைக்குப் பதில்?

வாக்குத்தத்த அட்டையை என்ன செய்வது

வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு வாசலாகப் பயன்படுத்துங்கள். அட்டை கிடைத்த வாரத்தில் அந்த வசனம் உள்ள அதிகாரத்தையும், அந்த மாதத்துக்குள் அந்தப் புத்தகத்தையும் வாசித்து முடிப்பது என்று வைத்துக்கொண்டால், வருடத்தின் முதல் புத்தகம் அங்கேயே தீர்மானமாகிவிடும்.

எரேமியா 29:11 அடிக்கடி வரும் அட்டை. அவருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்பது. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. முந்தின வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. அதற்கு முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றும் எழுதியிருக்கிறது. கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். சவூதியிலோ சென்னையிலோ போய் உட்கார்ந்து ஊரை நினைத்து ஏங்கும் ஒருவருக்கு, அட்டையில் உள்ள ஒரு வரியைவிட இந்த முழுக் கடிதம் அதிகம் பேசும். பிலிப்பியர் 4:13-உம் அப்படித்தான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்பும் வசனம். பவுல் அதைக் கட்டுண்டவராக இருந்து எழுதுகிறார். பட்டினியாயிருக்கவும் திருப்தியாயிருக்கவும் போதிக்கப்பட்டேன் என்று சொன்னதற்கு அடுத்த வசனம் அது.

நோட்டு

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சாதாரண நோட்டு போதும். தேதி, பகுதி, அதற்குக் கீழே மூன்று வரி: இந்தப் பகுதி என்ன சொல்கிறது, எனக்குப் புரியாதது என்ன, இன்று நான் செய்ய வேண்டியது என்ன. பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

இதில் இரண்டாவது வரிதான் விலையேறப்பெற்றது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டு ரதத்தில் போகிறார். வாசிக்கிறது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். புரியாததை ஒப்புக்கொண்டதால்தான் அவருடைய பயணத்தில் எல்லாம் மாறுகிறது. சேர்ந்திருக்கும் கேள்விகளை மாதம் ஒருமுறை சேகரகுருவானவரிடமோ சபை ஊழியரிடமோ கொண்டுபோங்கள். “ஐயா, ரெண்டு கேள்வி இருக்கு, எப்ப வரட்டும்?” என்று கேட்டால் சந்தோஷப்படாத குருவானவர் அபூர்வம்.

மனப்பாடம்

ஒற்றை வசனத்துக்குப் பதிலாக ஒரு முழுச் சங்கீதம். 121-ஆம் சங்கீதத்தில் எட்டே வசனம். நாளைக்கு ஒன்று சேர்த்துக்கொண்டே போனால் எட்டாம் நாள் முழுதும் கையில். அப்புறம் 103-க்குப் போகலாம், அதில் 22. உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகுவதுதான் நம் மண்ணின் முறை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் சொல்லவைத்தே கற்பித்தார். வீட்டில் ஆச்சி இருந்தால் அவரிடம் சொல்லிக் காட்டுங்கள். தவறு விட்டால் உடனே பிடித்துவிடுவார்.

குடும்ப ஜெபம்

பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். டி.வி.யை நிறுத்திவிட்டு, ஆளுக்கு இரண்டு வசனமாக எல்லோரும் மாறி மாறி வாசியுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு, அவசரப்படுத்தக் கூடாது. வாசித்த பகுதியை வைத்து அன்று பிள்ளை செய்த தவறைக் குத்திக்காட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வேதத்தைத் திறந்தாலே திட்டு விழும் என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், பெரியவனானபின் அந்தப் புத்தகத்தைத் தொட அது யோசிக்கும். “அப்பா, யோனா ஏன் கோபப்பட்டார்?” என்று பிள்ளை கேட்டால், பதில் தெரியாவிட்டாலும், சேர்ந்து இன்னொரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.

கடினமான பகுதிகள்

பாபிலோனின் குழந்தைகளைப் பற்றி 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் சொல்வதை வாசித்தால் நெஞ்சு பதறும். யோசுவாவின் யுத்தங்களும் அப்படித்தான். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தொடருங்கள். சமாளிப்பாக ஒரு விளக்கத்தை உடனே ஒட்டவைக்க வேண்டாம்.

புலம்பல் சங்கீதங்களை மட்டும் தவிர்க்கவே கூடாது. நம் வாக்குத்தத்த அட்டைகளில் அவை வருவதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. அந்த நாட்களில் வீடும் ஆடுமாடும் இழந்தவர்களிடம் “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்ல யாருக்கும் நாவு எழவில்லை. 69-ஆம் சங்கீதம், வெள்ளங்கள் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது என்று முதல் வரியிலேயே கதறுகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவிக்காமற்போனாலும் என்று முடியும் ஆபகூக்கின் ஜெபத்தை, அவருடைய முதல் இரண்டு அதிகார முறையீட்டையும் வாசித்தபின் வாசியுங்கள்.

இடையில் நின்றுபோனால்

நிற்கத்தான் செய்யும். அசனம் என்னும் கோயில் விருந்து, கல்யாணம், அறுவடை, ஆஸ்பத்திரி என்று ஏதாவது வரும். புத்தகம் புத்தகமாக வாசிப்பதில் உள்ள சவுகரியம் இதுதான், தேதி போட்ட அட்டவணை இல்லாததால் பாக்கி என்று ஒன்று சேராது. அடையாள நாடா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்துக்குத் திரும்பிவிடுங்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் பத்து அதிகாரம் ஓட்டுவதால் ஒன்றும் மனதில் நிற்காது.

முதல் ஐந்து புத்தகங்கள் முடிந்தபின்

லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் அடுத்தடுத்து எடுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்டவை, சேர்ந்து 52 அதிகாரம். கூடவே தினம் ஒரு சங்கீதம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு, அதையும் தொடரலாம். அதற்கப்புறம் ஆதியாகமம், யாத்திராகமம். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும் அதிகாரங்களை ஒரு தாளில் படம் வரைந்துகொண்டே வாசித்தால் புரியும், பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பலரும் நின்றுபோகும் லேவியராகமம் வரும்போது, எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பாவநிவிர்த்தி நாளைச் சொல்லும் 16-ஆம் அதிகாரத்தை முதலில் வாசித்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள்.